வெண்ணெய் மணக்கும் மனிதர்

பன்னிரண்டரைக்கு எல்லாரும் சாப்பிடப் போன பிறகுதான் கைப்பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்தேன், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, உள்ளே தேன் நிறத்தில் கொஞ்சம் கெட்டியாக, இரண்டு வருடமாக என் வீட்டுக்காரர் அருளப்பன் சிகரெட்டுக்குப் பதிலாக அந்தப் பேனா மாதிரி கருவியில் ஊற்றிச் சுட வைத்துப் புகையாக இழுத்துக்கொண்டிருக்கும் திரவம். காலையில் அவர் குளிக்கும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். இருபத்து நாலு வருடத்தில் அவர் பையில் நான் கை விட்டது துவைக்கப் போடும்போது மட்டும்தான். மற்றதெல்லாம் தினமும் நூறு தடவை செய்கிற வேலைதான். ஒரு சொட்டு எடுத்து ஆல்கஹாலில் கலந்து, கண்ணாடிக் குப்பியில் மூடி, ஒரு கலவைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தின் வட்டத் தட்டில் மூன்றாவது குழியில் வைத்தேன். மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். முதலில் வெறும் ஆல்கஹால், இயந்திரத்துக்குள் பழைய அழுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க. அடுத்தது சுத்தமான டைஅசிட்டைல், அது எந்த நிமிடத்தில் தலைகாட்டும் என்று தெரிந்துகொள்ள. மூன்றாவது அருளப்பன். மூன்றாவது சாம்பிள் என்று நினைக்க வந்தேன், அருளப்பன் என்று வந்துவிட்டது. இருக்கட்டும். கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர்களுக்குப் போகுமே அந்த மாதிரி, சீ, என்ன யோசனை இது, இங்கே கோடு நேராகப் போனால் நல்லது இமெல்டா, இங்கே நேராகப் போனால்தான் நல்லது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்து பத்தொன்பது வருடம். நாங்கள் வாசனை செய்கிறவர்கள். மாம்பழமே இல்லாத மாம்பழ மிட்டாய், வெண்ணெயே படாத வெண்ணெய் பிஸ்கட், அதெல்லாம் இங்கிருந்து டிரம் டிரம்மாகப் போகிறது. என் மூக்குக்குத்தான் சம்பளம் என்று அருளப்பன் கேலி செய்வார், இயந்திரம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன், இதில் வனிலா கூடிப்போச்சு, இதில் ஏதோ புளிச்சிருக்கு என்று. வெண்ணெய் வாசனைக்கு அடிப்படை டைஅசிட்டைல். சாப்பிட்டால் ஒன்றுமில்லை, வயிறு அதைக் கவனித்துக்கொள்ளும். மூச்சில் இழுத்தால்தான் வேறு கதை. வெளிநாட்டில் பாப்கார்ன் பாக்டரி ஒன்றில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரலின் கடைசிக் கிளைகள், முடி மாதிரி இருக்கும் சின்னக் குழாய்கள், தழும்பேறிச் சுருங்கிப்போனதாகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், சுருங்கினால் திரும்ப விரியாது என்றும் சொன்னார்கள். அதனால்தான் கலவை அறையில் முகமூடி இல்லாமல் யாரையும் நான் விடுவதில்லை. போன மாதம்கூடத் தவமணியைத் திட்டினேன். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு டிரம்மைக் கிளறிக்கொண்டிருந்தாள். "வேர்க்குது மேடம், ரெண்டு நிமிஷந்தான்" என்றாள். "ரெண்டு நிமிஷமா? இது உள்ள போனா வெளிய வராது தவமணி, உம் பிள்ளைங்களுக்கு நீ வேணும்" என்று கத்தினேன், அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவளிடம் கத்தினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர் அதே வாசனையை வாயில் வைத்து, பேனா மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இழுத்ததைப் பார்த்துக்கொண்டே அவருக்குக் காபி ஆற்றினேன். எப்படி ஒரே தலைக்குள் இரண்டும் இருந்தது? பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருப்பவர்கள் பல வருடம் முகம் பார்க்காமல் இருப்பதில்லையா, அப்படித்தான் இருந்திருக்கும்.

முதல் ஓட்டம் முடிந்தது. கோடு சுத்தம். தட்டு ஒரு குழி நகர்ந்து, ஊசி இறங்கி ஏறியது. அவர் சிகரெட் பிடிக்கிற காலத்தில் நான் இப்படியெல்லாம் பயந்ததில்லை, அது வேறு மாதிரியான பயம், எல்லா வீட்டிலும் இருக்கிற பயம். ஆவடி பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நடைக்கு இரண்டு சிகரெட், நடை முடிந்து டிரைவர் குமரேசனோடு டீக்கு ஒன்று, டெப்போவில் கணக்குக் கொடுக்க வரிசையில் நிற்கும்போது ஒன்று. இடது கை இரண்டு விரல் மஞ்சளாகவே இருக்கும், கல்யாண ஆல்பத்தில்கூட என் தோளில் அந்த மஞ்சள் விரல்கள் தெரியும். நான் சண்டை போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், கோயிலில் நேர்ந்துகொண்டிருக்கிறேன். மகள் சிறு பெண்ணாக இருந்தபோது ஒரு தவக்கால நோன்பு நாற்பது நாளும் சிகரெட்டை விட்டார், உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பற்றவைத்தார், "இயேசுவே எழுந்துட்டாரு, நான் மட்டும் எத்தன நாளு படுத்திருக்கிறது" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்துவிட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம். கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறிவிடும், பிறகு மீதிக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா மகன் ரோலண்ட் துபாயிலிருந்து வந்திருந்தான், அவன் கையில் அந்தக் கருவி. "சித்தி, இதுல தார் இல்ல, சாம்பல் இல்ல, சித்தப்பாவுக்கு இத குடுங்க, மெதுவா சிகரெட்ட விட்ருவாரு" என்றான். இங்கே இதற்குத் தடை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நான்தான் வாங்கிக்கொண்டேன், அவர் கேட்கவில்லை. மூன்று வாசனைக் குப்பிகள் கொண்டுவந்திருந்தான், புதினா, மாம்பழம், வெண்ணெயும் சர்க்கரைப்பாகும் கலந்த மாதிரி ஒன்று. அருளப்பன் புதினாவை எடுத்தார். நான் மூன்றையும் மோந்து பார்த்துவிட்டு, பெரிய நிபுணர் மாதிரி, "இது வேணாம், இது பல்லு பேஸ்ட் மாதிரி இருக்கு, இந்த வெண்ணெய்தான் நல்லா இருக்கு" என்று அவர் கையில் கொடுத்தேன். என் மூக்கு தேர்ந்தெடுத்தது. சம்பளம் வாங்கும் மூக்கு.

திரையில் மூன்றேகால் நிமிடத்தில் கோடு விருட்டென்று எழும்பி, ஊசிக் கோபுரம் மாதிரி நின்று, கீழே இறங்கியது. இது சுத்தமான டைஅசிட்டைல், இதன் இடம் இதுதான், மூன்றேகால். இனி அடுத்த ஓட்டத்தில் மூன்றேகாலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த ஓட்டம் முடிய இன்னும் பதினோரு நிமிடம் காத்திருக்க வேண்டும், இயந்திரத்துக்கு அவசரம் கிடையாது. சிகரெட்டை மூன்று மாதத்தில் விட்டுவிட்டார். நிஜமாகவே விட்டார். விரலில் மஞ்சள் மெல்ல மெல்ல வளர்ந்து வெளியேறியது, நகம் வெட்ட வெட்ட. ராத்திரி படுக்கையில் இருபத்திரண்டு வருடப் புகை வாசனை போய், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட் தட்டு மாதிரி ஒரு மனிதர் பக்கத்தில் படுத்திருந்தார். வெட்கமாக இருக்கிறது இதை நினைக்க, ஆனால் யார் கேட்கப்போகிறார்கள், நாற்பத்தாறு வயதில் நான் மறுபடி அவர் கழுத்தில் முகத்தை வைத்துத் தூங்க ஆரம்பித்தேன். "என்னா இமெல்லு, பசிக்குதா?" என்று கேட்பார். நான் கடிக்கிற மாதிரி பாவனை செய்வேன். மகள் விடுதியில், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், யாருக்குப் பயம். ரோலண்ட் கொடுத்தது தீர்ந்த பிறகு யாரோ ஒரு செல்போன் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கினார். அந்தக் குப்பிகளில் கம்பெனிப் பெயர் இருக்காது, தேதி இருக்காது, பசு படம் ஒன்று மட்டும் ஒட்டியிருக்கும். எங்கே, யார், எந்தப் பாத்திரத்தில் கலந்தார்கள்? எங்கள் கம்பெனியில் பேட்ச் எண் இல்லாமல் ஒரு டீஸ்பூன் வெளியே போகாது. பிறகு கருவிக்குள் சூடாகும் கம்பிச்சுருள், அதிலிருந்து நிக்கல், ஈயம் என்று உலோகம்கூடத் திரவத்தில் இறங்கும் என்று படித்திருக்கிறேன், அதைப் பார்க்க இந்த இயந்திரத்தால் முடியாது. இரண்டு வருடம் எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. முதல் நாளே மூக்கு சொன்னது, வெண்ணெய்க்கு அடியில் ஒரு கூர்மை இருக்கிறது, கலவை அறைக் கூர்மை. நான் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அந்த வாசனைக்கு நான் வேறு பெயர் வைத்துவிட்டேன், அருளப்பன் என்று. போன மாதம் இருமல் வந்தது, வறட்டு இருமல், சளி இல்லை, காய்ச்சல் இல்லை. "ரோடு முழுக்க மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கான், தூசி" என்றார். மூன்றாம் மாடி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறார். தினமும் அதே இடத்தில் அதே வார். ஞாயிற்றுக்கிழமை தலையணை உறை மாற்றும்போது முகத்துக்குக் கிட்டே வந்த அந்தத் துணியில் எனக்கு வெண்ணெய் அடிக்கவில்லை, தவமணியின் டிரம் அடித்தது. உறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

தட்டு நகர்ந்தது. ஊசி மூன்றாவது குழியில் இறங்கியது. இப்போது மூன்றேகால் நிமிடம். இல்லை என்று வந்தால் என்ன செய்வேன், குப்பியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி முருங்கைக்காய்க் குழம்பு வைப்பேன், இருமலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போவேன், தூசிதான் என்பார்கள். இருக்கிறது என்று வந்தால்? சொல்ல வேண்டும். சொன்னால்? சொன்னால் அவர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய சிகரெட்டுக்குப் போய்விட்டால்? டெப்போ வாசலிலேயே பெட்டிக்கடை. குமரேசன் தீப்பெட்டியோடு நிற்பார். தார் வேண்டாம் என்று இதைக் கொடுத்தேன், இது வேண்டாம் என்று சொல்லித் தாரிடம் திருப்பி அனுப்பப்போகிறேனா? சொல்லாமல் குப்பியை மட்டும் மாற்றிவைத்தால், புதினாவாக, பாதிப் பாதியாகத் தண்ணீர் கலந்து, மெல்ல மெல்ல... அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாற்றுவது. நன்றாக இருக்கிறது இமெல்டா, காலையில் திருடினாய், மத்தியானம் கலப்படம். புதினாவில் மட்டும் என்ன இருக்கிறது என்று உனக்கு என்ன தெரியும். ஒரு நிமிடம் முடிந்தது. இரண்டு. ஆல்கஹாலின் பெரிய மேடு எழுந்து இறங்கியது, அது எதிர்பார்த்ததுதான். இரண்டே முக்கால். கோடு தரையில் படுத்துக்கொண்டு வருகிறது, வா, அப்படியே வா, எழுந்திருக்காதே, படுத்துக்கொண்டே போய்விடு, மூன்று, மாதாவே, மூன்று ஐந்து, மூன்று பத்து, எழுந்தது. மூன்றேகாலில் எழுந்தது. எழுந்துகொண்டே போனது. திரையின் மேல்விளிம்பை முட்டி, உச்சி வெட்டுப்பட்டு, தட்டையாக நின்று, பிறகுதான் இறங்கியது. அளவு கணக்குப் போடவேண்டிய அவசியம்கூட இல்லை. பிஸ்கட்டுக்குப் போடுவதைவிட அதிகம்.

எங்கள் லேப் மேலாளர் பத்மநாபன் சார் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது, கை கழுவின ஈரத்தோடு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு. "எந்த பேட்ச் இது? இவ்ளோ ஏத்திருக்காங்க" என்றார். "வீட்டு பேட்ச் சார்" என்றேன். "யார் சாப்பிடறது?" "சாப்பிடல சார். இழுக்கறாரு." அவர் திரையைப் பார்த்தார், குப்பியை எடுத்துத் திருப்பிப் பசுப் படத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக மேஜை மேல் பேனா கோணலாக இருந்தால்கூடச் சொல்லிக்காட்டுகிறவர், கம்பெனி இயந்திரத்தில் சொந்த வேலை பார்த்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. "எத்தன நாளா?" "ரெண்டு வருஷம் சார்." "குப்பியில இருந்துச்சுன்னுதாம்மா இது சொல்லுது. நுரையீரல்ல என்ன ஆச்சுன்னு இது சொல்லாது. அத மறந்துராதீங்க" என்றார். பிறகு, "அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார், நான் இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

உட்கார்ந்தேன். அவருடைய முதல் ஷிப்ட் முடிகிற நேரம். அவருக்குப் போன் அடித்தேன், எடுத்தார், பின்னால் டெப்போ ஹாரன்கள். "சொல்லு இமெல்லு. என் குப்பியப் பாத்தியா, எங்கயோ விழுந்துருச்சு போல." "விழல. நான்தான் எடுத்தேன்."  எல்லாவற்றையும் சொன்னேன், சேர்த்துக் கோத்துச் சொல்லத் தெரியவில்லை, பின்னிருந்து முன்னாக, முன்னிருந்து பின்னாக, டிரம், தவமணி, மூன்றேகால், தலையணை உறை, நான்தானே வெண்ணெயை எடுத்துக் கொடுத்தேன், முதல் நாளே எனக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், நான் கேட்கல, என்னால்தான், என்னால்தான்.  நான் முடித்ததும் அவர் இருமினார், அந்த வறட்டு இருமல், அது போனுக்குள் கேட்பது வேறு மாதிரி இருந்தது. "இதனாலதான் இருமலா?" "தெரியல. டாக்டர்தான் சொல்லணும். ஊதச் சொல்லி ஒரு டெஸ்ட் எடுப்பாங்க." "ம்." பிறகு, "எனக்கு அந்த வெண்ணெய் புடிக்கவே புடிக்காது, தெரியுமா?" என்றார். "என்னது?" "தித்திப்பு. குமட்டும். நாலாம் நாளே புதினாவுக்கு மாத்திரலாம்னு நெனச்சேன். நீ கிட்ட வந்து படுத்த. எத்தன வருஷம் கழிச்சு. அதான் அதையே வாங்கினேன்." நான் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் அவர் குரல் சின்னதாக, "இமெல்லு? இருக்கியா?" என்றது. திரையில் அந்த ஓட்டம் இன்னும் போய்க்கொண்டிருந்தது, பத்தாவது நிமிடம், பதினோராவது நிமிடம், வேறு என்னென்னவோ மேடுகள். மறுபடி எடுத்தேன். "சிகரெட்டுக்குப் போயிராதீங்க." "பொய் சொல்லல, கை போகும். இப்பவே குமரேசன் கையத்தான் பாத்துட்டு நிக்கிறேன்." "போனா சொல்லுங்க. ஒளிக்காதீங்க. விடுறதுக்குன்னே ஆஸ்பத்திரில டாக்டருங்க இருக்காங்க, போவோம், ரெண்டுக்கும் சேத்துப் பாத்துருவோம்." "ரெண்டும் இல்லன்னா எம்மேல என்ன வாசன அடிக்கும்னு எனக்கே தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது. கல்யாணத்தன்றே புகை, பிறகு வெண்ணெய், இருபத்து நாலு வருடம் கூடப் படுத்தும் அந்த மனிதரின் சொந்த வாசனை எனக்குத் தெரியாது. வாசனைக்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு. "அங்கயே இருங்க, நான் வரேன்" என்றேன். "நீ வராத, வெயிலு. நான் வரேன்."

மிச்சத் திரவத்தைக் கழிவுக் கேனில் ஊற்றினேன், லீவு எழுதிக் கொடுத்தேன், கலவை அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், தவமணி முகமூடியை மூக்குவரை ஏற்றிக் கட்டியிருந்தாள், கையைத் தூக்கினாள், நானும் தூக்கினேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். இரண்டேகாலுக்கு ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார், காக்கிச் சட்டையில் இரண்டு பொத்தான் திறந்து, தோல்பை தோளில்.  செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும். கிட்டே போய் அவர் சட்டைக் காலரில் மூக்கை வைத்தேன். டீசல். வேர்வை. காலையில் தடவின தேங்காயெண்ணெய், வெயிலில் காய்ந்தது. பயணிகளின் ஆயிரம் கைகள் பட்ட கம்பியின் இரும்பு வாசனை. அதற்கெல்லாம் அடியில், விடாமல், அது. "போச்சா?" என்று கேட்டார், தோளை அசைக்காமல், ஊசி போடும்போது நிற்கிற பிள்ளை மாதிரி. "இன்னும் இருக்கு" என்றேன். "நாளாகும்ல?" "ஆகும்." "அதுவரைக்கும்?" "தினமும் பாப்பேன்" என்றேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் வந்தது, அவர் முதலில் என்னை ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் ஏறினார்.